மீனைக் காக்கும் பிரசாரம் யார் காதில் விழ வேண்டும்?

கடலோர மாவட்டக் கல்லூரி ஒன்றில் நாட்டு நலப்பணித் திட்டத்தைக் கவனிக்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மீன்வளம், நீர்வாழ் உயிரினப் பாதுகாப்பு பற்றி ஓராண்டு விழிப்புணர்வுத் திட்டம் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். பேரணி, ஓவியப் போட்டி, துண்டறிக்கை தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. இப்படிப்பட்ட பிரசாரத்தால் எங்காவது ஒரு மீனாவது பிழைத்திருக்கிறதா? பிழைத்திருந்தால் எப்படி?”

பிழைத்திருக்கிறது ஐயா. அதுவும் ஒன்றிரண்டு இல்லை, 900-க்கும் மேல். சின்ன மீனும் இல்லை, உலகத்திலேயே பெரிய மீன். நடந்தது குஜராத்தில், சௌராஷ்டிரக் கடற்கரையில். உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் அங்கேதான் இருக்கிறது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திமிங்கிலச் சுறா பெயரில்தான் திமிங்கிலம், உண்மையில் மீன். நன்கு வளர்ந்தது 12 மீட்டர் நீளம் இருக்கும். உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளிகள். இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மிதக்கும் நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் வாயைத் திறந்து வடிகட்டித் தின்கிறது. யாரையும் கடிக்காது, வேகமாக ஓடவும் ஓடாது. கடல் மட்டத்தை ஒட்டியே மெதுவாக நீந்தும். வேட்டைக்காரனுக்கு இதைவிட எளிதான இரை கிடைக்குமா? வேராவல், சூத்ராபாடா, தாம்லேஜ், மாங்ரோல் பக்கத்து மீனவர்கள் பெரிய இரும்புக் கொக்கியைக் கயிற்றில் கட்டி அதன் மேல் எறிவார்கள். கயிற்றின் மறுமுனையில் காலிப் பீப்பாய்கள். மீன் முங்க முங்கப் பீப்பாய்கள் மேலே இழுக்கும், கடைசியில் மீன் ஓய்ந்துவிடும். அதனால் அந்தக் கரையில் இந்த மீனுக்கே ‘பேரல்’ என்று பெயர் வந்துவிட்டது. முதலில் ஈரலுக்காகத்தான் பிடித்தார்கள். ஈரலில் எடுத்த எண்ணெயை மரப்படகுக்குப் பூசினால் தண்ணீர் உள்ளே இறங்காது. 1990-களில் இறைச்சிக்கும் துடுப்புக்கும் தைவான் பக்கம் நல்ல விலை கிடைக்கத் தொடங்கியதும் கதை மாறியது. ஒரே பருவத்தில் நூற்றுக்கணக்கில் கரைக்கு இழுத்து வந்து வெட்டினார்கள். 2000-ஆம் ஆண்டு ஓர் ஆவணப்படம் இந்தக் காட்சிகளை வெளியே கொண்டுவந்தது. 2001 மே மாதம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கிலச் சுறா சேர்க்கப்பட்டது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. அந்த இடத்தைப் பிடித்த முதல் மீன் இதுதான்.

சட்டம் டெல்லியில் வந்துவிட்டது. வேராவல் துறைமுகத்துக்கு அது வந்து சேரவில்லை. அரசிதழில் எழுதியிருந்தது ஆங்கிலப் பெயரும் விலங்கியல் பெயரும். கரையில் இருப்பவருக்குத் தெரிந்ததோ பேரல். தன் மீனைத்தான் தடை செய்திருக்கிறார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும், கடன் கொடுத்தவர் கதவைத் தட்டும்போது அது பொருட்டாக இருந்திருக்காது.

2004 ஜனவரியில் வைல்ட்லைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியா என்ற அமைப்பு, குஜராத் வனத்துறை, டாடா கெமிக்கல்ஸ் நிறுவனம் ஆகியோர் சேர்ந்து பிரசாரத்தைத் தொடங்கினார்கள். இவர்கள் செய்த முதல் காரியம், பேசுவதற்குச் சரியான ஆளைப் பிடித்தது. விஞ்ஞானி இல்லை, நடிகர் இல்லை, கிரிக்கெட் வீரர் இல்லை. ராமகதை சொல்லும் மொராரி பாபு. சைவ உணவுக்காரர், கடலுக்குப் போகாதவர். மீனவரிடம் மீனைப் பற்றிப் பேச இவரா என்று கேட்கத் தோன்றும். ஆனால் கார்வா மீனவக் குடும்பங்கள் அவருடைய கதையைக் கேட்டு வளர்ந்தவை, அவர் சொன்னால் உட்கார்ந்து கேட்கும் குடும்பங்கள். அவர் சட்டத்தைச் சொல்லவில்லை, அபராதத்தைச் சொல்லவில்லை. “இந்த மீன் உங்கள் மகள். பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்த மகளைக் கொல்வீர்களா?” என்ற பொருளில் பேசினார். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரும் வழக்கம் நமக்கும் உண்டு, குஜராத்திலும் உண்டு. அந்தப் பேச்சு எங்கே போய்த் தைத்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ‘பேரல்’ போய் ‘வ்ஹாலி’ வந்தது, அன்புக்குரியவள் என்று பொருள். கர்ப்பிணி மகளை வைத்து ஒரு தெருநாடகம் போட்டார்கள். காற்றடைத்தால் நிஜ அளவுக்கு விரியும் திமிங்கிலச் சுறா பொம்மை ஒன்றை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். போர்பந்தர், துவாரகா, டையூ என்று ஒவ்வொரு ஊரும் அதைத் தன் ஊரின் சின்னமாக ஏற்றுக்கொண்டது. கார்த்திகை அமாவாசையைத் திமிங்கிலச் சுறா நாளாகக் கொண்டாடவும் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இந்த மீன்கள் குஜராத் கரைக்குக் குட்டி போடத்தான் வருகின்றன என்று அறிவியல் உறுதியாகச் சொல்லவில்லை. திமிங்கிலச் சுறாவின் இனப்பெருக்கம் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததே கொஞ்சம். 1995-இல் தைவானில் பிடிபட்ட ஒரு பெண் சுறாவின் வயிற்றில் சுமார் 300 கருக்கள் இருந்தன, அந்த ஒரு மீனிலிருந்துதான் பெரும்பகுதி தெரிய வந்தது. ஆக, மகள் உவமை உவமைதான். கதை சொல்பவர் மேடையில் சொல்லலாம், அது அவருடைய உரிமை. உங்கள் மாணவர்கள் கையில் கொடுக்கும் தாளில் அதையே விஞ்ஞான உண்மைபோல அச்சடித்தால், பிறகு ஒரு நாள் கடலில் முப்பது ஆண்டு அனுபவமுள்ள பெரியவர் எழுந்து “தம்பி, நீ சொல்வது தப்பு” என்பார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அந்த ஊர் நம்பாது.

பலரும் இந்தக் கதையை மொராரி பாபுவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மனம் மாறியது, மீன் பிழைத்தது, சுபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மனம் மாறினால் வேட்டை நிற்கும், சரி. ஆனால் வேட்டையாடாமலேயே இந்த மீன் வலையில் வந்து மாட்டும். அந்தக் கணத்தைப் பாருங்கள்.

விடிவதற்கு முன்னால் போட்ட செவுள்வலை. இழுக்கும்போது கனக்கிறது. ஏழெட்டு மீட்டர் உடம்பு, செவுளிலும் வாலிலும் வலை சுற்றியிருக்கிறது, புரளப் புரள இன்னும் இறுகுகிறது. அதை உயிரோடு விட ஒரே வழி, வலையை அறுப்பது. வலையோ படகுக்காரரின் முதல், பெரும்பாலும் கடனில் வாங்கியது. ஓரிடத்தில் அறுத்தாலே அந்தத் துண்டு முழுவதும் வீண். அன்றைய பாடும் போயிற்று, டீசலும் போயிற்று. “வீட்டுக்கு வந்த மகள்” என்று மேடையில் கேட்டது நினைவில் இருக்கலாம். ஆனால் கத்தி கையில் இருக்கும்போது கணக்கும் மனதில் ஓடும்.

குஜராத் வனத்துறை இதைப் புரிந்துகொண்டு, அறுபட்ட வலைக்கு ஈட்டுத்தொகை கொடுக்க முன்வந்தது. தொடக்க ஆண்டுகளில் அதிகபட்சம் 25,000 ரூபாய். வலையின் முழு விலைக்கு அது ஈடாகாது, ஆனால் அறுக்கும் கைக்கு ஒரு தைரியம். அப்படியும் ஒரு சிக்கல் முளைத்தது. பணம் கொடுக்க வேண்டுமானால் அதிகாரி வந்து பார்க்க வேண்டும். செய்தி கரைக்குப் போய், அதிகாரி படகு ஏறி வந்து சேரும்வரை மீனை வலையோடு பிடித்து வைத்திருக்க வேண்டும். மணிக்கணக்கில் வலைக்குள் கிடந்து அது துவண்டுபோகும். காப்பாற்ற வகுத்த விதியே மீனை வதைத்தது. பிறகு யாரோ புத்திசாலித்தனமாக ஒரு வழி சொன்னார்கள்: படகுக்காரர்கள் கையிலேயே தண்ணீர் புகாத கேமராவைக் கொடுத்துவிடுவோம். மாட்டிய மீனையும் அறுத்த வலையையும் அவர்களே படம் எடுத்து, உடனே விட்டுவிட்டு, படத்தைக் காட்டிப் பணம் வாங்கிக்கொள்ளட்டும். இந்த ஏற்பாடு வந்த பிறகு மீன் தவிக்கும் நேரம் வெகுவாகக் குறைந்தது. மீனவருக்கும் ஒரு செய்தி போய்ச் சேர்ந்தது: உன் சொல்லை நம்புகிறோம். என்னைக் கேட்டால், அந்தக் கேமராதான் இந்தப் பிரசாரத்தின் மிகச் சிறந்த துண்டறிக்கை. பின்னாளில் இந்தத் திட்டத்தைக் கேரளத்துக்கும் லட்சத்தீவுக்கும் எடுத்துச் சென்றார்கள்.

உங்கள் திட்டத்துக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுதான் உண்டு. ஓர் உயிர் பிழைப்பதும் சாவதும் எந்தக் கணத்தில், யார் கையில் முடிவாகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அந்தக் கையிடம் பேசுங்கள். அந்தக் கைக்கு ஆகும் நஷ்டத்தைப் பற்றியும் சேர்த்துப் பேசுங்கள். மற்றதெல்லாம் கூட்டம் கூட்டுவதுதான்.

இதற்கு எதிர்மறையான எடுத்துக்காட்டு நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அதே 2001-ஆம் ஆண்டு. ஜூலையில் சுறா, திருக்கை வகைகள் அனைத்தையும் ஒட்டுமொத்தமாகத் தடைப் பட்டியலில் போட்டார்கள். கடற்கரை முழுவதும் எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பரில் பட்டியல் பத்து இனங்களாகச் சுருங்கியது. கேட்காமல் போட்டதைக் கேட்ட பிறகு எடுத்தார்கள். கடல் அட்டையும் அதே ஆண்டு பட்டியலுக்குள் போனது, ஆனால் வெளியே வரவில்லை. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணைப் பகுதியிலும் முங்கி அட்டை எடுத்துப் பிழைத்த குடும்பங்களின் தொழில் ஒரே அறிவிப்பில் குற்றமாகிவிட்டது. நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் உரிமம் பெற்று எடுக்கலாம், பண்ணையில் வளர்க்கவும் செய்கிறார்கள். இந்தப் பக்கம் சிறை. ஆண்டுகள் இருபதைத் தாண்டிவிட்டன. ராமநாதபுரம், தூத்துக்குடி கரைகளில் கடல் அட்டை கடத்தல் செய்தி இன்னும் நாளிதழில் வந்துகொண்டுதான் இருக்கிறது. அட்டையைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடல் தரையைப் புரட்டிச் சுத்தமாக வைத்திருப்பதில் அதன் பங்கு பெரியது, அளவுக்கு மீறி எடுத்ததும் உண்மை. ஆனால் அதை எடுத்தவரிடம் “எத்தனை எடுத்தால் தாங்கும், எந்த மாதம் விட்டுவைக்கலாம்” என்று ஒரு தடவையாவது உட்கார்ந்து பேசியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. தண்டனைத் தொகையை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுக் கடற்கரையில் நட்ட பலகையை விழிப்புணர்வு என்று எண்ணக் கூடாது.

இன்னொரு வகைக் கோணல், சரியான பிரசாரம் தவறான ஆளிடம் போய்ச் சேர்வது. சென்னையில் மாணவர்கள் 1980-களிலிருந்து பருவம்தோறும் இரவில் கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அருமையான வேலை. எத்தனையோ இளைஞர்கள் இதைப் பார்த்துத்தான் கடல் உயிரியல் பக்கம் வந்தார்கள். ஆனால் 2025 ஜனவரியில் அதே சென்னைக் கரையில் தாய் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஆமை சாகிற இடம் கடற்கரை மணல் இல்லை, கடலுக்குள் விசைப்படகு இழுத்துச் செல்லும் இழுவைமடி வலை. இரவு நடைக்கு வரும் நகரவாசிக்கும் விசைப்படகு ஓட்டுநருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கரையோரக் கடலில் ஆமைப் பருவத்தில் இழுவைமடி போடக்கூடாது என்ற விதியை, நடைக்கு வந்தவர்கள் அறிந்து என்ன பயன்?

ஆகவே உங்கள் மாணவர்களோடு முதல் ஒரு மாதம் எந்தப் பிரசாரமும் செய்யாதீர்கள். ஏலக்கூடத்துக்குப் போங்கள். அதிகாலையில் போனால்தான் பார்க்க முடியும். எந்தப் படகு எந்த மடி போடுகிறது, என்ன மீன் வருகிறது, கோழித் தீவனத்துக்குப் போகும் சங்காயத்தில், அதாவது கழிவுமீன் குவியலில், எத்தனை வகைக் குஞ்சுகள் கிடக்கின்றன என்று பாருங்கள். மீனவர் என்று ஒரே கூட்டம் இல்லை என்பது அப்போது தெரியும். விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் இடையே நீண்ட வழக்கு உண்டு. மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி வலை விவகாரத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்களே பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கின்றன. இது தெரியாமல் “மீனவ நண்பர்களே, சிறு மீன்களைப் பிடிக்காதீர்கள்” என்று ஒலிபெருக்கியில் சொன்னால், நாட்டுப்படகுக்காரர் “அதைப் போய் அவனிடம் சொல்” என்பார், விசைப்படகுக்காரர் தலையைத் திருப்பிக்கொள்வார். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் இடத்தில், அவர்கள் சொல்லும் நேரத்தில் பேசுங்கள். உங்கள் கூட்டத்தை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் வைத்துக்கொண்டால் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். வலை பின்னிக்கொண்டே கேட்பார்கள்.

அந்தத் தடைக்காலத்தையும் கவனியுங்கள். கடற்கரையில் அதை அறியாத குழந்தைகூடக் கிடையாது. குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் வருகிறது, அது போதுமா என்பது வேறு வழக்கு. ஒரே நாளில் எல்லா விசைப்படகும் நிற்கிறது, ஏமாற்றுகிறவன் பிடிபடுவான் என்ற நம்பிக்கை இருக்கிறது. தான் நிற்க வேண்டுமானால், பக்கத்துப் படகும் நிற்க வேண்டும். அது இல்லாத இடத்தில் எந்த உபதேசமும் எடுபடாது.

யார் பேசுவது என்பதில் நம் பக்கமே நல்ல முன்மாதிரிகள் உண்டு. பாம்பனில் கடல் ஓசை 90.4 என்ற சமுதாய வானொலி 2016 முதல் இயங்குகிறது. மீனவ வீட்டுப் பிள்ளைகளே பேசுகிறார்கள். வானிலை, காற்று, மீன், சட்டம் எல்லாம் அந்தத் தீவின் வழக்கிலேயே படகுக்குள் போகின்றன. உங்கள் மாணவர்களிடம் நல்ல நிகழ்ச்சி இருந்தால் இப்படி ஏற்கெனவே காது கொடுத்துக் கேட்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள், புதிதாக ஒரு பக்கம் தொடங்கி ‘லைக்’ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவில் கடல்பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் எத்தனை நாள் கடலில் இறங்குவது, எந்தக் காலத்தில் பாசியை விட்டுவைப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள். அவர்களில் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி என்ற பன்னாட்டு விருது கிடைத்தது. இப்படிப்பட்டவரைக் கல்லூரிக்கு அழைத்து மாணவர்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லுங்கள். விழிப்புணர்வு எப்போதும் கல்லூரியிலிருந்து கடற்கரைக்குத்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? கடற்புல் மேயும் பாலூட்டியான கடல் பசுவைக் காக்கும் திட்டத்தில் மீனவர்களின் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். வலைக்காரர் வீட்டுக்குள்ளேயே ஒரு குட்டி வக்கீல் உருவாகிவிடுகிறார். 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடல் பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. வலையில் மாட்டிய கடல் பசுவை மீனவர்கள் வலையை அறுத்து உயிரோடு விட்ட செய்திகள் அந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன.

இனி நகரத்துப் பக்கம். உங்கள் மாணவர்களில் பாதிப்பேர் நகரப் பகுதிகளிலிருந்து வருபவர்கள்தானே? அவர்கள் வீட்டில் மீன் வாங்குகிற கையும் ஒரு முடிவெடுக்கும் கைதான். கேரளத்தில் 2015-இல் 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளம் சட்டமாக வந்தது, பிறகு அது 58 வகைகளுக்கு விரிந்தது. மத்திக்கு 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்திக்கு 14, வஞ்சிரத்துக்கு 50. அதற்குக் குறைந்தது என்றால் அந்த மீன் ஒரு முறைகூட முட்டையிட்டிருக்க வாய்ப்பில்லை. மாணவர்களை ஆளுக்கொரு அடிக்கோலோடு ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தைக்கு அனுப்புங்கள். வஞ்சிரம் என்று தட்டில் கிடப்பது எத்தனை நீளம்? மூக்கு நுனியிலிருந்து அளக்க வேண்டும். துண்டு போட்டுவிட்டால் அளக்க முடியாது, அதனால் அதிகாலையிலேயே போக வேண்டும். மீன்காரம்மாவிடம் முதலில் ஒரு மீன் வாங்கிவிட்டு அளவெடுக்க அனுமதி கேட்பது மரியாதை. வியாபார நேரத்தில் அடிக்கோலோடு நான்கு பேர் தட்டைச் சுற்றி நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

சமையலறையைத் தொடாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. சினை மீன் என்றால் நம் வீடுகளில் தனி மகிழ்ச்சி. சினையை மட்டும் எடுத்து வறுத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் பாட்டியிடம் போய் “முட்டையோடு இருக்கும் மீனைத் தின்னாதீர்கள்” என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை, உங்கள் மாணவர்களுக்கும் வேண்டாம். பிடிபட்டு இறந்த மீன், சினையோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இறந்ததுதான். வேறு ஒன்றைக் கேட்கலாம்: ஆண்டு முழுவதும் வஞ்சிரமும் வவ்வாலும் மட்டுமே வேண்டும் என்கிற பழக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி, அந்தந்தப் பருவத்தில் நிறையக் கிடைக்கும் மீனை வாங்கலாமே என்று. சென்னையிலிருந்து இயங்கும் இன்சீசன் ஃபிஷ் என்ற முயற்சி, எந்த மாதம் எந்த மீன் என்று உணவகங்களுக்கும் வீடுகளுக்கும் சொல்லி வருகிறது. அதைத் தொடங்கிய திவ்யா கர்நாட் 2019-இல் நெதர்லாந்தின் ஃபியூச்சர் ஃபார் நேச்சர் விருதைப் பெற்றார். உங்கள் ஊருக்கு அப்படி ஒரு மாதப்பட்டியல் தயாரிக்கலாம். அதற்குத் தேவையான செய்தி முழுவதும் ஏலக்கூடத்துப் பெரியவர்கள் தலைக்குள் இருக்கிறது.

ஏரி, குளம், ஆறு பற்றியும் கேட்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு இரண்டு சொல். மீன்குஞ்சு விடும் விழா நடத்தாதீர்கள். புகைப்படத்துக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான். பல இடங்களில் கெடுதலும் ஆகும். காவிரியின் திமில் மஹ்சீர் பெரிய ஆற்று மீன்களில் ஒன்று, தூண்டில்காரர்கள் உலகெங்கிலுமிருந்து தேடி வந்தது. 1970-களில் தொடங்கி, நல்லெண்ணத்தோடு, லோனாவாலா பொரிப்பகத்தில் வளர்த்த வேறொரு மஹ்சீர் இனத்தின் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். வந்த இனம் பெருகியது, சொந்த இனம் தேய்ந்தது. 2018-இல்தான் திமில் மஹ்சீருக்கு உறுதியான விலங்கியல் பெயரே கிடைத்தது. அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. மீனைக் காக்கிறோம் என்ற பெயரிலேயே நடந்தது இது.

அதைப்போலவே வண்ணமீன் தொட்டி. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி ‘டேங்க் கிளீனர்’ ஒன்றை விரல் நீளத்தில் விற்கிறார்கள். அது ஓர் அடிக்கு மேல் வளர்ந்து தொட்டி கொள்ளாமல் போனதும், கொல்ல மனமில்லாமல் பக்கத்து ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அங்கே அது கரையைக் குடைகிறது, முள் துடுப்பால் வலையைக் கிழிக்கிறது, விலைக்கும் போகாது. விட்டவர் புண்ணியம் செய்ததாக நினைத்துக்கொண்டிருப்பார். அவரிடம் பேச வேண்டிய இடம் வண்ணமீன் கடையின் கல்லா. கடைக்காரர் இரண்டு பேரைச் சம்மதிக்க வைத்து, “வளர்ந்துவிட்டால் எங்களிடமே திருப்பிக் கொடுங்கள்” என்று ஒரு பலகை மாட்டச் செய்தால், அது ஏரிக்கரையில் நடத்தும் பத்துப் பேரணிக்குச் சமம்.

ஓவியப் போட்டியை வேண்டாம் என்று சொல்லவில்லை. குழந்தைகள் வரையட்டும், பரிசு வாங்கட்டும். அதை அறிக்கையில் “500 மாணவர்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டது” என்று எழுதாமல் இருந்தால் போதும். ஆண்டு முடிவில் உங்களைக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: எத்தனை படகுக்காரர்கள் கூட்டத்துக்கு இரண்டாம் முறை வந்தார்கள்? மாட்டிய ஆமையை விட்டதாக யாராவது தாமாகவே போன் செய்து சொன்னார்களா? கடைப் பலகை இன்னும் தொங்குகிறதா?

துண்டறிக்கை அச்சடித்தே ஆக வேண்டும், நிதியில் அதற்கென்று ஒதுக்கிவிட்டார்கள் என்றால், அதைத் தாளில் போடாதீர்கள். தண்ணீர் பட்டால் கிழியாத ஒட்டியாகப் போட்டு, படகின் ஓட்டுநர் அறைக்குள் ஒட்டும் அளவில் செய்யுங்கள். வாசகம் சுருக்கமாக இருக்கட்டும். இழுவைமடியில் வந்த ஆமை அசைவில்லாமல் கிடந்தாலும் செத்துவிட்டதாக நினைத்துக் கடலில் எறிய வேண்டாம், மூச்சடைத்து மயங்கியிருக்கலாம். மல்லாத்தாமல் வயிறு கீழே இருக்கக் கிடத்தி, பின்பக்கத்தை ஓர் அரையடி உயர்த்தி வைத்தால் நுரையீரலில் புகுந்த தண்ணீர் வடியும். நிழலில் ஈரத்துணி போட்டு வைத்து, தானாக அசைந்த பிறகு, இயந்திரத்தை நிறுத்திவிட்டு மெதுவாக இறக்க வேண்டும். இதற்குச் சில மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். பெரிய சுறாவோ கடல் பசுவோ மாட்டினால் வாலில் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, வலையைத்தான் அறுக்க வேண்டும். கீழே உள்ளூர் வனச்சரக அலுவலகத்தின் தொலைபேசி எண், இருட்டிலும் தெரியும் எழுத்தில். முதலில் பத்து ஒட்டி மட்டும் அடித்துப் படகுக்காரர்களிடம் காட்டி, அவர்கள் வாசகத்தைத் திருத்திக் கொடுத்த பிறகு மீதியை அச்சுக்குக் கொடுங்கள்.